மேலே போட்டால் கீழே உள்ளது போகாது

அருப்புக்கோட்டையில் பிரவுசிங் சென்டர் வைத்திருக்கிறேன். பான் கார்டு, பட்டா நகல், பாஸ்போர்ட், டி.என்.பி.எஸ்.சி. விண்ணப்பம் என்று ஆண்டு முழுக்கச் சில்லறை வேலைகளில் ஓடுகிற கடை. பொறியியல் கவுன்சலிங் நடக்கிற வாரங்களில் மட்டும் அது குடும்ப நீதிமன்றமாகிவிடும். கம்ப்யூட்டருக்கு முன்னால் பிள்ளை, பின்னால் அப்பா, அவருக்கும் பின்னால் ‘விவரம் தெரிஞ்ச’ மாமா ஒருவர், உள்ளே வரலாமா வேண்டாமா என்று வாசலில் நிற்கிற அம்மா. ஆளுக்கொரு கல்லூரி மனதில் இருக்கும். பிள்ளையின் மனதில் இருப்பதுதான் கடைசியாக வெளியே வரும், சமயத்தில் வராமலே போய்விடும்.

கவுன்சலிங் 2018-ல் ஆன்லைனுக்கு வந்தது. ஆரம்பத்தில் அவர்கள் கொண்டுவருகிற தாளில் இருப்பதை அப்படியே ஏற்றிக் கொடுப்பதோடு சரி, வாய் திறக்க மாட்டேன். காசு வாங்குவது டைப் அடிக்க, புத்தி சொல்ல இல்லை என்று ஒரு கணக்கு. இப்போது வாய் திறக்கிறேன். சில மாமாக்களுக்கு அதனால் என்மேல் வருத்தம்.

வருகிற குடும்பமெல்லாம் தவறாமல் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. “அண்ணே, இதை மேல போட்டா கீழ உள்ளது போயிருமா?”

கிண்டி இன்ஜினியரிங் காலேஜை முதலில் போட்டு, அது கிடைக்காமல் போனால், அதற்குக் கீழே போட்டிருக்கும் சிவகாசி மெப்கோவும் கையை விட்டுப் போய்விடுமோ என்ற பயம். அதனால் என்ன செய்கிறார்கள் என்றால், ஆசைப்படுகிற கல்லூரிகளையெல்லாம் அடித்துவிட்டு, ‘எப்படியும் கிடைச்சுரும்’ என்று நினைக்கிற ஒன்றைக் கொண்டுபோய் முதல் வரியில் வைக்கிறார்கள். கிடைத்தும் விடுகிறது. முதல் வரியிலேயே கிடைத்துவிட்டால் அதற்கு மேலே போக இடமேது?

போகாது என்பதுதான் பதில். கம்ப்யூட்டர் ரேங்க் வரிசைப்படி ஒவ்வொரு பிள்ளையாக எடுக்கிறது. உங்கள் பிள்ளையின் முறை வந்ததும் அதன் பட்டியலை மேலிருந்து கீழே வாசித்துக்கொண்டே வரும். எந்த வரியில் சீட் காலியாக இருக்கிறதோ அங்கே நின்றுவிடும். மேலே கிடைக்காத இருபது கல்லூரிகளைப் போட்டிருந்தாலும் இருபத்தோராவது வரியில் உள்ள சீட்டுக்கு ரேங்க்கில் உங்களுக்குப் பின்னால் இருப்பவர் முந்திக்கொள்ள முடியாது. ஏனென்றால் அவருடைய முறை இன்னும் வரவேயில்லை. எத்தனை வரி போட்டாலும் கட்டணம் ஒன்றுதான், உச்சவரம்பும் கிடையாது. ஆகவே வரிசை என்பது ஆசைக் கணக்கு. கிடைக்குமா கிடைக்காதா என்ற கணக்குக்கு வரிசையில் வேலையில்லை. எந்தெந்த வரிகளைச் சேர்ப்பது, பட்டியலை எதுவரை நீட்டுவது என்பதில்தான் அதற்கு வேலை.

இந்தப் பயம் எங்கிருந்து வந்தது என்பது எனக்கு ஓரளவு தெரியும். நான் 2004-ல் கவுன்சலிங் போனவன். அப்போது நுழைவுத்தேர்வு இருந்தது. பிளஸ் டூ மதிப்பெண்ணுக்கு 200, நுழைவுத்தேர்வுக்கு 100 என்று கட்-ஆஃப் 300-க்குப் போடுவார்கள். இரவு பஸ் பிடித்து, விடிந்ததும் கோயம்பேட்டில் முகம் கழுவி, கிண்டியில் அண்ணா பல்கலைக்கழக வாசலில் போய் நிற்க வேண்டும். உள்ளே திரையில் எந்தக் கல்லூரியில் எந்தப் பிரிவில் எத்தனை இடம் மீதம் என்று ஓடிக்கொண்டிருக்கும். நமக்கு முன்னால் போனவர் ஒன்றை எடுத்தால் அந்த எண் ஒன்று குறையும். நம் முறை வரும்போது ஒன்றைத் தொட்டால் தொட்டதுதான், மற்றதெல்லாம் போச்சு. எனக்கு மிஞ்சியவற்றில் ஒரு பழைய நல்ல கல்லூரியில் புரொடக்‌ஷன் இன்ஜினியரிங்கும், புதிதாக முளைத்த ஒரு கல்லூரியில் இ.சி.இ.யும் இருந்தன. “எலக்ட்ரானிக்ஸ்னா டி.வி. ரிப்பேராவது பாக்கலாம்யா” என்றார் அப்பா. அத்தோடு முடிந்தது ஆலோசனை. நான் படித்த அந்தக் கல்லூரி இன்று இல்லை. அந்தக் கட்டடத்தில் இப்போது பள்ளிக்கூடம் நடக்கிறது. டி.வி. ரிப்பேர் எனக்கு இன்றுவரை தெரியாது.

அந்தக் காலத்தில் கிண்டிக்குப் போன சித்தப்பாக்களும் மாமாக்களும்தான் இன்று பிள்ளைகளுக்குப் பின்னால் நிற்கிறார்கள். திரையில் மிச்சம் இருப்பதைப் பார்த்து எடுத்தவர்களிடம், எதுவுமே கண்ணுக்குத் தெரியாமல் எல்லாவற்றையும் முன்கூட்டியே நினைத்துப் பார்த்து எழுது என்றால் பயம் வரத்தான் செய்யும்.

என் வாயைத் திறக்கவைத்தது பந்தல்குடிப் பக்கத்துப் பையன் ஒருவன். விருதுநகர் அருகே, தினமும் காலேஜ் பஸ்ஸில் போய்வரக்கூடிய ஒரு கல்லூரியில் மெக்கானிக்கல் கிடைத்தது. வீடே சந்தோஷமாக இருந்தது. அலாட்மென்ட் வந்ததும் இரண்டு நாளுக்குள் முடிவைச் சொல்ல வேண்டும்: இதை ஏற்று இங்கேயே சேர்கிறேன், ஏற்கிறேன் ஆனால் மேலே காலியானால் அங்கே போகிறேன், இது வேண்டாம் மேலே இருந்தால் மட்டும் கொடு, அடுத்த சுற்றுக்குப் போகிறேன் என்று சில வழிகள். “ரெண்டாவதை அமுக்குங்கண்ணே, சும்மா கிடைக்கிற சான்ஸ்தானே” என்றார் மாமா. அமுக்கினேன்.

அந்தப் பட்டியலில் விருதுநகர்க் கல்லூரிக்கு மேலே சென்னைப் புறநகர்க் கல்லூரி ஒன்று இருந்தது. அதைப் போடச் சொன்னதும் மாமாதான். ‘சென்னைன்னா எக்ஸ்போஷர்’. பையனுக்கு அந்த ஊரில் இருக்கிற எண்ணமே இல்லை. அப்பாவுக்கு ஹாஸ்டல் ஃபீஸ் கட்ட வசதியும் இல்லை. ஆனாலும் பட்டியலில் அது மேலே இருந்தது. யாரோ ஒருவர் சேராமல் விட்ட சீட் காலியாகி, கம்ப்யூட்டர் இவனை அங்கே தூக்கி வைத்துவிட்டது. நீங்கள் மேலே போட்டது உங்களுக்கு அதிகம் பிடித்தது என்றுதான் அது எடுத்துக்கொள்ளும். விருதுநகர் சீட் அடுத்தவருக்குப் போய்விட்டது, திரும்ப வாங்க வழியில்லை. அப்பாவும் மகனும் கடைக்கு வந்து, “இதை எப்படியாவது மாத்திக் குடுங்கண்ணே” என்று நின்றார்கள். மாமா வரவில்லை.

அதிலிருந்து டைப் அடிப்பதற்கு முன்னால் ஒரு காரியம் செய்கிறேன். பட்டியலில் அடுத்தடுத்து இருக்கிற இரண்டு வரிகளைக் காட்டி, பிள்ளையிடம் மட்டும் கேட்பேன். “பாப்பா, இந்த ரெண்டும் இப்ப உன் கையில இருக்கு. எதுல சேருவே?” கீழே இருப்பதைச் சொன்னால் அதை மேலே ஏற்றிவிடுவேன். இப்படியே வரி வரியாக இறங்குவோம். நேரம் பிடிக்கும். “ரெண்டுலயுமே சேர மாட்டேன்” என்று பதில் வந்தால் இரண்டையும் அடித்துவிடுவேன். சேர மனமில்லாத கல்லூரியை எண்ணிக்கைக்காகப் போட்டு வைத்தால், அதுதான் சொல்லி வைத்தாற்போல் கிடைக்கும்.

அடுத்த வம்பு கட்-ஆஃப். போன ஆண்டு இந்தக் கல்லூரியில் இந்தப் பிரிவு 182-ல் முடிந்தது, என் பிள்ளை 179, ஆகவே கிடைக்காது என்று அடித்துவிடுவார்கள். மார்க்கை மார்க்கோடு ஒப்பிடுவதில் உள்ள வில்லங்கத்தை 2022-ல் கண்ணால் பார்த்தேன். அதற்கு முந்தைய ஆண்டு கொரோனாவால் பிளஸ் டூ பொதுத்தேர்வே நடக்கவில்லை. பத்தாம் வகுப்பிலிருந்து 50 சதவீதம், பிளஸ் ஒன்னிலிருந்து 20, பிளஸ் டூ செய்முறையும் அகமதிப்பீடும் சேர்த்து 30 என்று கூட்டி மார்க் போட்டார்கள். 2022-ல் பிள்ளைகள் தேர்வெழுதி வாங்கினார்கள். இரண்டும் இரண்டு தராசு. ஒரு நர்ஸின் மகள் 2021-ன் கட்-ஆஃபைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, நல்ல கல்லூரிகள் பாதியைச் சிவப்பு மையால் அடித்துக் கொண்டுவந்தாள். மார்க்கை மறந்துவிட்டு ரேங்க்கை எடுத்தோம். முந்தைய ஆண்டு அந்தச் சீட்டை எந்த ரேங்க்காரர் கடைசியாக வாங்கினார், இவள் ரேங்க் எங்கே நிற்கிறது என்று பார்த்தபோது, அடிபட்டவற்றில் பல திரும்பி வந்தன.

தேர்வு வினாத்தாள் கடினமோ சுலபமோ, ரேங்க் என்பது இடத்தைத்தான் காட்டும். கட்-ஆஃப், ரேங்க் விவரமெல்லாம் கவுன்சலிங் இணையதளத்திலேயே கல்லூரிவாரியாக, வகுப்புவாரியாக இருக்கிறது, பி.சி., எம்.பி.சி., எஸ்.சி. என்று உங்களுக்குரிய பத்தியைப் பார்க்க வேண்டும், ஓ.சி. பத்தியைப் பார்த்துப் பயப்படக் கூடாது. ஒரே ஆண்டை நம்பாமல் மூன்று ஆண்டு பாருங்கள். அதுவும் அப்படியே பலிக்காது. நல்ல தரம் உள்ள கல்லூரிகளுக்கு ஒரு பிரிவில் இத்தனை சீட்தான் என்றிருந்த உச்சவரம்பை 2024-ல் ஏ.ஐ.சி.டி.இ. எடுத்துவிட்டது. கம்ப்யூட்டர் சயின்ஸில் சீட்டைக் கூட்டிய கல்லூரிகளில் கடைசி ரேங்க் கீழே இறங்கும். அதனால் எட்டாத மாதிரித் தெரிகிறவற்றையும் தயங்காமல் மேலே போடுங்கள். தன் ரேங்க்கை ஒட்டி முடிந்தவற்றை நடுவில் தாராளமாக நிரப்புங்கள். போன ஆண்டு தன்னைவிட நன்றாகக் கீழே உள்ள ரேங்க்காரருக்குக் கிடைத்தவற்றில், போய்ப் பார்த்து மனம் ஒப்பியவற்றை அடியில் வையுங்கள். அடிப்பகுதி இல்லாத பட்டியலோடு வருகிறவர்கள் பெரும்பாலும் நன்றாகப் படிக்கிற பிள்ளைகள்தான். ‘அதுக்குக் கீழயெல்லாம் நான் போக மாட்டேன்’ என்று ரோஷம். ரோஷத்துக்கு அலாட்மென்ட் வராது.

நெசவுக்காரர் மகனைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். எங்கள் ஊரில் தறிச்சத்தம் கேட்டு வளராத பிள்ளைகள் குறைவு. இவன் வீட்டிலும் தறி ஓடுகிறது. அப்பா கொண்டுவந்த தாளில் கம்ப்யூட்டர் சயின்ஸ், ஐ.டி., ஏ.ஐ. மூன்றைத் தவிர வேறு பிரிவே இல்லை. இரண்டு வரிக் கேள்வியைத் தொடங்கியதும் பையன் எதற்கும் பதில் சொல்லாமல் மவுசை உருட்டிக்கொண்டே இருந்தான். அப்பா டீ குடிக்கப் போன சமயத்தில், “அண்ணே, டெக்ஸ்டைல் டெக்னாலஜின்னு ஒண்ணு இருக்காமே, அது இதுல வருமா?” என்று கேட்டான். வரும். கிண்டியில் ஏ.சி. டெக்கில் இருக்கிறது, கோவையில் பி.எஸ்.ஜி.யிலும் குமரகுருவிலும் இருக்கிறது. கம்ப்யூட்டர் சயின்ஸுக்கு வாசல் பக்கமே போக முடியாத ரேங்க்குக்கு இந்தப் பிரிவில் இந்தக் கல்லூரிகளின் கதவு திறந்திருந்தது. முந்தைய ஆண்டு ரேங்க்கைத் திரையில் காட்டியதும் அவன் முகத்தைப் பார்க்க வேண்டும்.

அப்பா திரும்பி வந்து கொதித்துப்போனார். “இந்தத் தறியை விட்டு வெளிய போகணும்னுதான்யா படிக்க வைக்கிறேன். மறுபடியும் நூலையே கட்டி அழவா?” நான் அவரோடு வாதாடவில்லை. அவர் சொன்னதில் முப்பது வருஷத்து முதுகுவலி இருந்தது. பையன்தான் பேசினான். நூல் தரம் பார்க்கிறது, சாயம் ஏற்றுகிறது, ஏற்றுமதிக் கம்பெனியில் துணியைச் சோதிக்கிறது என்று எங்கெங்கோ படித்து வைத்திருந்ததையெல்லாம் சொன்னான். திருப்பூரில் வேலை பார்க்கிற ஒரு அண்ணனிடம் ஏற்கெனவே விசாரித்திருந்தான் போலும். கடைசியில் சமரசமானது: அந்தக் கல்லூரிகளின் டெக்ஸ்டைல் மேலே, மதுரை, விருதுநகர்ப் பக்கத்துக் கம்ப்யூட்டர் பிரிவுகள் அதற்குக் கீழே. கவுன்சலிங் பட்டியலில் ஒரு வரி என்பது கல்லூரியும் பிரிவும் சேர்ந்தது. ஆகவே ‘முதல்ல காலேஜா, முதல்ல கோர்ஸா’ என்று ஊர் முழுக்க நடக்கிற பட்டிமன்றத்துக்கு மொத்தமாகத் தீர்ப்புச் சொல்ல அவசியமில்லை. ஒவ்வொரு வரியிலும் தனித்தனியாகச் சொல்லிக்கொள்ளலாம். அந்தப் பையன் கோவையில் டெக்ஸ்டைல் படிக்கிறான். அப்பா கடைப்பக்கம் வரும்போது இன்னும் முழுசாகச் சிரிப்பதில்லை.

பணக் கணக்கைப் பட்டியல் போடும்போதே போட்டுவிட வேண்டும். அதிலும் தெரியாமல் இழப்பவர்கள் அதிகம். ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்த பிள்ளைகளுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு பொறியியலில் 2021-லிருந்து இருக்கிறது. அதில் சேர்ந்தால் கல்விக் கட்டணத்தோடு விடுதிக் கட்டணத்தையும் அரசே கட்டுகிறது. இதில் கல்விக் கட்டணம் தெரிந்திருக்கிறது, விடுதி தெரிவதில்லை. கட்டட வேலை பார்க்கிற ஒரு அம்மா, மகளின் பட்டியலில் மதுரையைத் தாண்டிய எல்லாவற்றையும் அடிக்கச் சொன்னார். “ஹாஸ்டலுக்கு எங்க போக?” அரசாணை விவரத்தைக் காட்டிய பிறகு காரைக்குடி, திருநெல்வேலி அரசு பொறியியல் கல்லூரிகளும் கோவையும் உள்ளே வந்தன. அப்புறம் இன்னொன்று: சில அரசு உதவிபெறும் கல்லூரிகளில் ஒரே பிரிவு இரண்டு வரியாக வரும். ஒன்று உதவிபெறுவது, இன்னொன்று பெயருக்குப் பின்னால் ‘எஸ்.எஸ்.’ போட்ட சுயநிதிப் பிரிவு. வளாகம் ஒன்றுதான், கட்டணம் வேறு. பெயரைப் பார்க்காமல் கோடு எண்ணைப் பார்த்து ஏற்றுங்கள். ஒரே பெயர்ச்சாயலில் கல்லூரிகளும் உண்டு. கோவையிலேயே பி.எஸ்.ஜி. பெயரில் பீளமேட்டில் ஒரு பொறியியல் கல்லூரி, நீலாம்பூரில் ஒன்று.

ஏஜென்ட்களைப் பற்றி எழுதாமல் விட்டால் இந்தக் கட்டுரை பொய். ‘கன்சல்டன்சி’ என்று அட்டை அச்சடித்துக்கொண்டு வருவார்கள். பிள்ளையின் ஒரிஜினல் சான்றிதழ்களை வாங்கி வைத்துக்கொள்வார்கள், ஒரே கல்லூரியை மட்டும் போட்டு லாக் செய்துவிடுவார்கள். ஒரு முறை ஓர் ஆள் என் கடைக்கே வந்தார். எங்கள் கல்லூரியை முதல் வரியில் போட்டால் ஒரு அட்மிஷனுக்கு இவ்வளவு என்று தொகையும் சொன்னார். உடனே மறுத்தேன் என்று எழுதத்தான் ஆசை. யோசித்துச் சொல்கிறேன் என்றுதான் சொன்னேன். கடை வாடகை இரண்டு மாதம் பாக்கி. அவர் அப்புறம் வரவில்லை, என் நேர்மைக்கு வந்த சோதனை அதோடு முடிந்தது. ஆனால் ஒன்று விளங்கியது: பட்டியலை நிரப்ப உதவுகிறவன் எவனாக இருந்தாலும், நான் உட்பட, அவனுக்கு இதில் என்ன கிடைக்கிறது என்று பெற்றோர் ஒரு முறையாவது கேட்டுவிட வேண்டும்.

விளம்பரத்தில் ‘100 சதவீத பிளேஸ்மென்ட்’ என்று போடுவதை நம்பி வருகிறவர்களுக்கு நான் சொல்வது: ஒரே பையன் ஐந்து கம்பெனியில் தேர்வானால் ஐந்து ஆஃபர் என்று எண்ணிவிடுகிற கல்லூரிகள் உண்டு. உங்கள் பிரிவில் படித்து முடித்தவர்கள் எத்தனை பேர், அதில் எத்தனை பேருக்கு வேலை என்று கேளுங்கள். அண்ணா பல்கலைக்கழகம் இணைப்புக் கல்லூரிகளின் தேர்ச்சி விகிதத்தை வெளியிடுகிறது, அதைப் பாருங்கள். என்.பி.ஏ. அங்கீகாரம் கல்லூரிக்கு மொத்தமாக வருவதில்லை, பிரிவுக்குப் பிரிவு தனி. நீங்கள் போடுகிற பிரிவுக்கு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இவ்வளவும் பார்த்துவிட்டு, வேலை நாள் ஒன்றில் நேரில் போய் கேன்டீனில் மூன்றாம் ஆண்டுப் பிள்ளைகளிடம் பத்து நிமிடம் பேசுங்கள். வாத்தியார்கள் அடிக்கடி மாறுகிறார்களா என்று கேட்டால் போதும், மிச்சத்தை அவர்களே சொல்லிவிடுவார்கள். எங்கள் பக்கத்துப் பெற்றோரின் முதல் கேள்வி இன்றும் “காலேஜ் பஸ் நம்ம ஊருக்கு வருதா?” என்பதுதான். அதைக் கேலி செய்கிறவர்கள் இருக்கிறார்கள். நான் செய்வதில்லை. நான்கு ஆண்டு தினமும் மூன்று மணி நேரம் பஸ்ஸில் போகப்போவது அந்தப் பிள்ளைதான்.

இந்த ஆண்டு வருகிறவர்களுக்கு: பட்டியலைப் பிள்ளையின் கையெழுத்திலேயே ஒரு நோட்டில் எழுதி, வீட்டில் சண்டை போட்டு முடித்துக்கொண்டு வாருங்கள். சாய்ஸ் ஃபில்லிங்குக்குத் தருவது சில நாள்தான், கடைசி நாள் மாலைவரை தள்ளிப்போடாதீர்கள். என் கடைக்குத்தான் வர வேண்டும் என்றில்லை. அரசு அமைத்திருக்கிற கவுன்சலிங் சேவை மையங்களில் காசில்லாமலே செய்து தருகிறார்கள். எங்கே போனாலும் பதிவு செய்த செல்போன் கையில் இருக்கட்டும். ஓடிபி அதில்தான் வரும். அப்பா அந்தப் போனோடு லாரியில் நாக்பூர் போயிருந்தால் யாராலும் ஒன்றும் செய்ய முடியாது.